பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு: கொடுக்கிற காசு எங்கே போகிறது?

வாசகர் கேள்வி, 7 ஜூன் 2025

"என் மகளுக்கு வருகிற நவம்பரில் ஆறு வயது முடிகிறது. ஹோட்டலில் பார்ட்டி வைப்பதற்குப் பதிலாக ஏதாவது ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவேளைக்கு ஐயாயிரம், ஆறாயிரம் ஆகும் என்கிறார்கள். காசு பெரிதில்லை. கொடுப்பது பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேருகிறதா, இல்லை நடத்துகிறவர்களின் சம்பளத்துக்குப் போய்விடுகிறதா என்பதுதான் சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

8 ஜூன் 2025

சம்பளத்துக்குப் போனால் நல்லது. இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்.

ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வட மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், 42 பிள்ளைகள். இல்லத்தின் பெயர் வேண்டாம். அங்கே இத்தனை வருடத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை. பஞ்சமெல்லாம் ஆளுக்குத்தான். ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட ஒருத்தர் வேண்டும். வயதுக்கு வந்த பெண் பயந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டால் வெளியே நின்று பேச ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தரின் சம்பளத்துக்கு என்று பணம் கொடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

போன வருடம் எங்கள் விடுதித் தாய்களில் ஒருவர் வேலையை விட்டார். இங்கே 9,000 ரூபாய். காலணிக் கம்பெனியில் 12,500 தருகிறார்கள், ஊருக்குள்ளேயே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. அழுதுகொண்டேதான் போனார். அவர் கிளம்பிப் போன அந்த வாரத்தில் மூன்று சின்னப் பிள்ளைகள் தினமும் படுக்கையை நனைத்தார்கள். ஒருத்தி அவருடைய பழைய முந்தானைத் துண்டு ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். இதுதான் நீங்கள் கேட்ட 'நடத்துகிறவர்களின் சம்பளம்'.

9 ஜூன் 2025

நேற்று அவசரத்தில் எழுதினேன். கேட்டவரின் மனது நல்ல மனது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஒரு விஷயத்தைக் காட்டினால் புரியும்.

அலுவலக அறையில் நீள வாக்கில் ஒரு நோட்டு இருக்கிறது. சாப்பாட்டு நோட்டு என்போம். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று கட்டம்: காலை, மதியம், இரவு. யார் பெயரில், எதற்காக, என்ன சாப்பாடு என்று எழுதி வைப்பது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பக்கம் நீல மையால் நிறைந்துவிடும். தீபாவளி வாரம், ஜனவரி ஒன்று, பொங்கல் என்று ஒரே தேதிக்கு நாலு பேர் கேட்பார்கள். பிப்ரவரியில் குறையும். ஜூன் பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக இருக்கும்.

எங்களுக்கு அதிகச் செலவு வரும் மாதம் ஜூன்தான். இந்த வருடம் ஜூன் 2 அன்று பள்ளி திறந்தார்கள். சீருடையும் புத்தகமும் அரசு தருகிறது, மறுக்கவில்லை. உள்பாவாடை, ஷூ, சாக்ஸ், தலைக்கு எண்ணெய், பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு டியூஷன், கல்லூரியில் சேருகிறவளுக்கு விடுதிக் கட்டணத்தின் முதல் தவணை. இதற்கெல்லாம் நோட்டில் கட்டமே கிடையாது.

12 ஜூன் 2025

"அப்படியானால் சாப்பாடே போடக் கூடாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போடலாம். போடுகிற விதத்தைப் பற்றித்தான் என் மனக்குறை.

நான் பார்த்த ஒன்று. ஒரு குடும்பம் வந்தது. கேக் பெரியது, மூன்று கிலோ இருக்கும். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். பிறந்தநாள் பையன் மெழுகுவத்தியை ஊதினான், எங்கள் பிள்ளைகள் கை தட்டிப் பாடினார்கள். பையனின் தாத்தா நல்ல மனிதர், ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "உனக்கு அப்பா அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் கண் கலங்கினார். அன்று 41 பிள்ளைகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் முறை வருவதற்குள் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள். கேக் தீர்ந்த பிறகுதான் வந்தாள்.

இன்னொன்று படம். சாப்பிடும் பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இது நான் சொல்லும் நாகரிகம் மட்டுமில்லை, சட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நானும் இங்கே எழுதும் பிள்ளைகளின் விவரங்களை ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

14 ஜூன் 2025

எந்த இல்லம் நல்ல இல்லம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன அதே சட்டத்தின் பிரிவு 41-இன்படி எல்லா இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரம் வேறு, இது வேறு. டிரஸ்ட் பத்திரத்தை மட்டும் நீட்டினால் போதாது. பதிவில்லாமல் நடத்துவது குற்றம்.

"பிள்ளைகள் இங்கே எப்படி வந்தார்கள்?" என்று கேளுங்கள். "குழந்தைகள் நலக் குழு அனுப்பியது" என்று பதில் வர வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் அந்தக் குழு உண்டு. ஒரு குழந்தையை இல்லத்தில் வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பது அவர்கள்தான், நடத்துகிறவர் இல்லை. "நாங்களே கிராமங்களுக்குப் போய்க் கூட்டிவந்தோம்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும்.

போன வருடத்துத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் எடுத்து வைத்தால் பாதி சரி.

முன்னறிவிப்பு இல்லாமல் போனவுடன் பிள்ளைகளோடு தனியாகப் பழக விடுகிற இடத்தை நம்பாதீர்கள். வாசலில் நிறுத்தி உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள்.

ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியது. வெகுகாலம் தொண்டு நிறுவனங்கள் நடத்தின, 2023 முதல் அரசே நடத்துகிறது. எண் மாறவில்லை.

22 ஜூன் 2025

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இல்லங்களுக்கு உதவ வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் இல்லை.

எங்கள் 42 பேரில் அப்பா அம்மா இருவருமே இல்லாதவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்கு அம்மா இருக்கிறார், அல்லது பாட்டி, அல்லது அப்பா மட்டும் இருந்து குடிக்கிறார். இது எங்கள் இல்லத்தின் கதை மட்டுமில்லை. கொரோனா வந்தபோது நாடு முழுக்க இல்லங்களில் 2,27,518 பிள்ளைகள் இருந்தார்கள். அதில் 1,45,788 பேரை வீடுகளுக்கு அனுப்பிவிட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுங்கள் என்று நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அனுப்புவதற்கு ஒரு வீடு இருந்தது, ஒரு ஆள் இருந்தார் என்றுதானே அர்த்தம்? வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது.

எங்களிடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அப்பா இறந்துவிட்டார், அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். சேர்த்த புதிதில் அந்த அம்மாவிடம் நான், "பிள்ளையை ஏம்மா விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்ட தோரணை சரியில்லை, இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டுக்குக் கதவு இல்லீங்க மேடம். சாக்குதான் தொங்குது. நான் விடியக்காலம் மூணு மணிக்குச் சூளைக்குப் போயிடுவேன். பொம்பளப் புள்ள."

ஒரு கதவு. அது இல்லாததால் அந்தப் பிள்ளை மூன்று வருடமாகத் தாயை மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நாங்கள் போட்ட சாப்பாட்டுக் கணக்கை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். அதில் ஒரு வீட்டையே கட்டியிருக்கலாம்.

22 ஜூன் 2025, இரவு

மேலே எழுதியதில் கடைசி வரி மிகை. வீடு கட்ட அது போதாது. கதவும் தாழ்ப்பாளும் போட்டு, அந்த அம்மா சூளையை விட்டுவிட்டு ஊரிலேயே வேலை தேடிக்கொள்ளும் வரை ஒரு வருடம் தாங்கியிருக்கலாம். அது உண்மை.

23 ஜூன் 2025

"அப்படியென்றால் இல்லங்களை மூடிவிடச் சொல்கிறீர்களா?" இல்லை. வீட்டிலேயே கெடுதல் நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவோடு இரவாகக் காவல் துறை கூட்டிவந்து விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சுவரும் இந்தக் கேட்டும் வேண்டும். போதுமான ஆட்களோடு, நல்லபடியாக வேண்டும். ஏழ்மையைத் தவிர வேறு காரணம் இல்லாத பிள்ளை அங்கே வந்து சேரக் கூடாது என்கிறேன்.

மோசமான இல்லம் என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியாததில்லை. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதைப் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்துதான் 2007-இல் உச்ச நீதிமன்ற வழக்கே தொடங்கியது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் அந்த வருட முடிவுக்குள் பதிவு செய்யச் சொன்னதும், சமூகத் தணிக்கைக்கு உத்தரவிட்டதும் அதில்தான். வழக்கு தொடங்கித் தீர்ப்பு வரப் பத்து வருடம் ஆயிற்று.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அரசுப் பணம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 இருந்தது, 2022-இல் கூட்டினார்கள். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், தீராத நோயில் கிடக்கும் பெற்றோர், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி, இவர்கள் கேட்கலாம். குடும்ப வருமானம் கிராமத்தில் வருடம் 72,000, நகரத்தில் 96,000 தாண்டக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு இந்த ஒரு தகவலைச் சொல்லி, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் வரை கூடப் போய்வந்தால் அதுவே பெரிய உதவி.

கதவில்லாத வீட்டு அம்மாவுக்கும் ஜனவரியில் மனுப் போட்டோம். கணவரின் இறப்புச் சான்றில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதைத் திருத்தவே நாலு மாதம்.

6 ஜூலை 2025

சரி, பணம் எங்கிருந்து வருகிறது என்று விவரமாகக் கேட்டவருக்கு. எங்கள் பேரேட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

2020 வரை எங்கள் இரண்டு விடுதித் தாய்கள், ஓர் ஆற்றுப்படுத்துநர் (பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்டுப் பேசுகிறவர்), மூவரின் சம்பளமும் சென்னையில் உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தது. அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடை வரும், அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்ன இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது என்று வந்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. பணம் வாங்குகிறவர்கள் எல்லோரும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றார்கள். நாங்களும் பாரம் பூர்த்தி செய்து தொடங்கினோம். அதில் இன்றுவரை வரவு ஒன்றும் இல்லை. எங்களை நேரடியாகத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் யார் இருக்கிறார்? கள்ளப் பணத்தைத் தடுக்க வேண்டும், சரி. ஆனால் பெரிய மரத்திலிருந்து சின்னச் செடிக்குப் போன வாய்க்கால் அன்றோடு அடைபட்டது. ஆற்றுப்படுத்துநர் நவம்பரோடு நின்றுவிட்டார்.

கம்பெனிகளின் பணம். 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 135-இன்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவே கொடுத்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இரண்டு இருக்கிறது, இரண்டாவது வேண்டாம் என்று சொல்ல இல்லத்தை நடத்தும் எங்கள் ஐயாவுக்கு மனம் வரவில்லை. "இதுக்குப் பதிலா ஒரு வருஷம் வார்டன் சம்பளம் கொடுக்க முடியுமா சார்?" என்று நானே ஒருவரிடம் கேட்டேன். "சம்பளத்துக்கு எப்படி மேடம் போட்டோ எடுக்கிறது?" என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை, அவர் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

மிச்சம் இருப்பது தனிமனிதர்கள். உங்களையும் என்னையும் போன்றவர்கள். மாதம் 300, 500 என்று விடாமல் அனுப்பும் 31 பேர் இருக்கிறார்கள். ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர், ஓய்வூதியம் வந்த மறுநாளே 500 ரூபாய், ஏழு வருடமாக. ஒருமுறைகூட வந்து எங்களைப் பார்த்ததில்லை. ஐந்தாம் தேதி அவர் பணம் வரும், அதை வைத்து மாதத்தைத் திட்டமிடலாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பத்தாயிரத்தில் அது முடியாது.

ரசீது பற்றி: வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பதிவுள்ள இல்லத்துக்குக் கொடுத்தால் கொடுத்ததில் பாதிக்கு வரிவிலக்கு. ரொக்கமாக என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. பொருளாகக் கொடுத்தாலும், சாப்பாடாகப் போட்டாலும் விலக்கு இல்லை.

7 ஜூலை 2025

திருத்தம். வரிவிலக்கு என்று பொதுவாக எழுதிவிட்டேன். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி விலக்கு கிடையாது, பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இப்போது புதிய முறைதான் கணக்கு. அதுவும் பாதி என்பது மொத்த வருமானத்தின் பத்து சதவீத உச்சவரம்புக்குள். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

வெறும் ரசீது போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லம் ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் உங்கள் பான் எண்ணோடு கணக்குக் கொடுத்து, 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். மே மாதம் நான் சனிக்கிழமை மட்டும் போனால் போதாது, தினமும் சாயங்காலம் போகிறேன்.

19 ஜூலை 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன். இல்லங்களின் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தபோது லண்டனில் நின்றுவிட்டேன்.

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர். தெருவோரம் போடப்பட்ட குழந்தைகளைப் பார்க்கப் பொறுக்காமல் பல வருடம் அலைந்து, 1739-இல் அரச சாசனம் வாங்கிக் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பணம் திரட்ட ஓவியர் ஹோகார்த் படங்கள் கொடுத்தார். இசைமேதை ஹாண்டல் 1749 முதல் அங்கே தன் இசை நிகழ்ச்சியை நடத்தி நிதி சேர்த்தார். இடமோ குறைவு, அதனால் தாய்மார்களைப் பையில் கைவிட்டு உருண்டை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம், கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டும். பெரிய வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்துவிட்டு, அப்படியே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதைப் படித்ததும் எங்கள் சாப்பாட்டுக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. நாடு வேறு, காலம் வேறு, பெஞ்சு ஒன்றுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. 1756-இல் நாடாளுமன்றம் நிதி கொடுத்தது, கொண்டுவரும் குழந்தை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாலு வருடத்தில் 14,934 குழந்தைகள் வந்தார்கள். வளர்ந்து வேலைக்குப் போகும் வயது வரை பிழைத்தவர்கள் சுமார் 4,400 பேர். பணம் வந்தது. கைக்குழந்தைக்குப் பாலூட்டவும் பார்த்துக்கொள்ளவும் அத்தனை பெண்கள் எங்கே கிடைப்பார்கள்? 1760-இல் வருகிற குழந்தையை எல்லாம் சேர்ப்பது நின்றது. அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது, ஆனால் 1950-களில் பிள்ளைகளைக் கூட்டமாக வைத்து வளர்ப்பதைக் கைவிட்டுக் குடும்பங்களில் வளர்க்கும் பணிக்கு மாறிவிட்டது. இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது அந்த இடத்துக்கு வந்து சேர.

3 ஆகஸ்ட் 2025

என் கருத்தை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன்.

இங்கே நான் எழுதுவதை எங்கள் இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண் படித்திருக்கிறாள். இப்போது வயது 24, தனியார் மருத்துவமனையில் செவிலியர். நேற்று ராத்திரிப் பணி முடித்துவிட்டு அழைத்தாள்.

"அக்கா, பிறந்தநாள் சாப்பாட்டை இவ்வளவு திட்டாதீங்க. எங்களுக்கு அந்தப் பிரியாணி பிடிக்கும். காலையிலேயே மூக்குல வாசனை வந்துடும். அன்னிக்கு ஸ்கூல்ல 'இன்னிக்கு எங்க வீட்டுல பிரியாணி'ன்னு சொல்லிக்குவோம்."

"எங்க வீட்டுல" என்று சொன்னாள். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை.

பாட்டுப் பாடச் சொன்னது பிடிக்குமா என்றேன். பிடிக்காது என்றாள். நன்றி சொல்லச் சொன்னது அதைவிடப் பிடிக்காது, ஏனென்றால் யாருக்குச் சொல்கிறோம் என்றே தெரியாது. ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் நினைவிருக்கிறதாம். அவர்கள் பரிமாறாமல் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் இவளிடம் ஊறுகாய் கேட்டு வாங்கினாள். "எங்கிட்ட ஒருத்தி கேட்டு வாங்கினாக்கா" என்று இரண்டு முறை சொன்னாள்.

அப்புறம் அவள் சொன்ன இன்னொன்று. பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டுப் போன நாளில் ஒரு டிரங்குப் பெட்டியும் 2,000 ரூபாயும் கொடுத்து அனுப்பினோம். முதல் தீபாவளிக்கு எங்கே போவது என்று தெரியாமல் விடுதி அறையில் தனியாக இருந்தாளாம். பிற்காப்பு என்று சட்டத்தில் இருக்கிறது, பதினெட்டுக்குப் பிறகும் 21 வரை, தேவைப்பட்டால் 23 வரை உதவலாம். எங்கள் பேரேட்டில் அதற்கு ஒரு தலைப்பே இல்லாமல் இருந்தது. நேற்று புதுப் பக்கம் போட்டு எழுதினேன். ஐயாவிடம் தீபாவளிக்கு வளர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்.

16 செப்டம்பர் 2025

நேற்று தமிழ்நாடு அரசு 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அப்பா அம்மா இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஒருவரை இழந்து மற்றவர் சிறையிலோ கடும் நோயிலோ இருந்தாலும் உண்டு. தெரிந்த குடும்பம் இருந்தால் சொல்லுங்கள்.

இது நல்ல திசை. பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பணம் போகிறது, பணம் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வரவில்லை.

செங்கல் சூளை அம்மாவுக்கு நிதி ஆதரவு அனுமதி கிடைத்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

12 அக்டோபர் 2025

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். இனிப்புப் பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு வேண்டுகோள், இனிப்பு வேண்டாம். போன வருடம் 60 கிலோ சேர்ந்தது, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது எங்களுக்கு வேண்டியது: நாப்கின், கொசுவலை, பதின்வயதுப் பெண்களுக்கு அளவு கேட்டு வாங்கிய உள்ளாடை. அளவு கேட்காமல் வாங்கிவந்தால் மூட்டையாக அலமாரியில்தான் இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகள் பதினொரு பேர் தீபாவளிக்கு வருகிறார்கள். செவிலியர் பெண் முந்தின நாளே வந்து எண்ணெய்ச் சட்டி பிடிக்கிறேன் என்றிருக்கிறாள். எல்லோருக்கும் துணி எடுத்தாயிற்று. அதற்கு மட்டும் காசு தாராளமாக வந்தது.

2 நவம்பர் 2025

ஜூனில் கேள்வி கேட்டவர் இன்று குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் வசிக்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம்.

முன்பே பேசி வைத்தபடி கேக் இல்லை, செல்போன்கள் அலுவலக அறையில். ஆறு வயதுப் பெண் எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம். இரண்டும் அப்பளத்தை விரலில் மாட்டிக்கொண்டு மோதிரம் என்று காட்டிக்கொண்டன. யாருக்குப் பிறந்தநாள் என்று அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாது, அவள் தானாகச் சொல்லும் வரை. சொன்னதும் இந்தப் பிள்ளை, "எனக்கு மார்ச்சுல" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறைக்கு வந்து தணிக்கை அறிக்கையைக் கேட்டார். உட்கார்ந்து முழுக்கப் படித்தார். ஊழியர் சம்பளம் என்ற வரியில் விரலை வைத்து, "இவ்வளவுதானா?" என்றார். மாதம் 1,500 ரூபாய், மூன்று வருடத்துக்கு வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அலுவலகத்தில் இன்னும் நாலு பேரிடம் பேசுகிறேன் என்றிருக்கிறார். ஐந்து பேர் சேர்ந்தால் விடுதித் தாய்கள் இருவருக்கும் 12,000 கொடுக்க முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். காலணிக் கம்பெனிக்குப் போனவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை. "அந்தக் குட்டி இன்னும் முந்தானையை வச்சிருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

13 டிசம்பர் 2025

நாலு பேரில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஜனவரி முதல் விடுதித் தாய்களுக்குச் சம்பளம் 11,500. காலணிக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குப் பிறகு வருகிறார்.

சூளை அம்மாவுக்கு நிதி ஆதரவுப் பணம் போன மாதம் வந்தது, மூன்று மாதத்துக்கும் சேர்த்து 12,000. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, வீட்டைப் போய்ப் பார்த்து, பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிளம்புகிறாள். 41 பேர் ஆகிவிடுவோம்.

இன்று சாயங்காலம் அம்மா வந்திருந்தார். மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேப்பமரக் கதவு, பழைய கதவுதான், 4,500-க்குக் கிடைத்ததாம். நிலை வைத்து, உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். சூளையிலும் விடிந்த பிறகு வரும் வேலையாக மாற்றிக் கேட்டிருக்கிறார், கூலி கொஞ்சம் குறையும்.

"மேல் தாழ்ப்பா அவளுக்கு எட்டுமான்னு தெரியல மேடம். கொஞ்சம் கூப்பிடுங்க, அளந்து பாத்துக்கிறேன்" என்றார். அவளைக் கூப்பிட்டோம். எங்கள் அலுவலகக் கதவருகில் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். மூன்று வருடத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எட்டும்.